ஒரு வேளைக் கணக்கும் ஒரு வாரக் கணக்கும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன், தனக்கு உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலை மொழியில் கேட்ட காணொளி கேரளம் முழுவதும் பரவியது. பார்த்தவர்கள் சிரித்து மகிழ்ந்தனர். துறை அமைச்சர் வீணா ஜார்ஜ், அங்கன்வாடி உணவுப் பட்டியலை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் வெளியான புதிய பட்டியலில் முட்டை பிரியாணி இடம்பெற்றது. வாரத்தில் இரண்டு நாள்கள் வழங்கப்பட்ட பாலும் முட்டையும் மூன்று நாள்களாயின. சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவு குறைக்கப்பட்டது. அதே ஆண்டில், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டத்திலும் அரிசி உப்புமாவுக்குப் பதிலாகப் பொங்கலும் சாம்பாரும் வழங்க முடிவாயிற்று. எல்லைக்கு இருபுறமும் ஒரே ஆண்டில் உப்புமா பின்வாங்கியது.

இந்நிகழ்ச்சியில் சிரிப்பதற்கு அப்பால் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. குழந்தை கேட்டது பொரித்த கோழி. கிடைத்தது முட்டை சேர்ந்த பிரியாணி. குழந்தையின் மறுப்பைப் பெரியவர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். ஆனால், எதைச் சமைப்பது என்ற முடிவைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் அடம்பிடிக்கும் குழந்தையை எவ்வாறு சமாளிப்பது என்று தவிக்கும் குடும்பங்களுக்கு வேண்டிய பாடம் பெரும்பாலும் இதனுள்ளேயே அடங்கிவிடுகிறது.

எல்லையோரச் சமையலறைகள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேன்பதி, கோபாலபுரம் எனத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்து வாழும் ஊர்கள் பல. அவர்களுக்குக் கோவையும் பொள்ளாச்சியும் உறவு ஊர்கள். இடுக்கி மாவட்டத்தில் மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, பீர்மேடு, குமுளி ஆகிய பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களுக்கு உடுமலையிலும் போடியிலும் கம்பத்திலும் கொள்வினை கொடுப்பினை உண்டு.

இவ்வூர்களின் அடுப்படியில் இரண்டு சமையல் மரபுகள் ஒன்றாகக் கொதிக்கின்றன. காலையில் புட்டும் கடலையும் என்றால் இரவில் இட்லியும் சட்னியும். பள்ளியில் மட்டா அரிசிச் சோறு. வீட்டில் வெள்ளைப் புழுங்கலரிசிச் சோறு. ஒரு வீட்டில் தேங்காயெண்ணெய் மணக்கும். அடுத்த வீட்டில் கடலையெண்ணெய் மணக்கும். பள்ளியில் தேங்காய் அரைத்த கூட்டுக்கறியை விரும்பி உண்ணும் சிறுமி, அதே காயை வீட்டில் பொரியலாக வைத்தால் தொடுவதில்லை. பாட்டி வீட்டுக் கம்மங்கூழை ஆவலோடு குடிக்கும் பேரன், சொந்த வீட்டில் தயிர்ச்சோற்றைத் தவிர வேறெதையும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

வங்கிக்கு வரும் தாய்மார்கள் பணம் எடுக்கும் சீட்டை நிரப்பிக்கொண்டே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில் இந்தக் குறைகளே மிகுதி. ‘ஒரு வாய் வாங்க ஒரு மணி நேரம்’, ‘கைப்பேசியைக் காட்டினால்தான் வாய் திறக்கிறான்’, ‘வெள்ளைச் சோறும் அப்பளமும் போதும் என்கிறாள்’ என்ற சொற்களை எந்தக் கிளையிலும் கேட்கலாம். தேயிலைத் தோட்டங்களில் நெருக்கடி இன்னும் கூடுதல். காலையில் மலையேறும் தாய், பொழுது சாயும் நேரத்தில்தான் வீடு திரும்புகிறார். 50 பெண் தொழிலாளர்கள் பணிபுரியும் தோட்டங்களில், அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருக்கும் தோட்டங்களில், குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் விதி செய்யப்பட்டிருந்தது. காப்பகத்தில் பகலைக் கழிக்கும் பிள்ளைக்கும் களைத்துத் திரும்பும் தாய்க்கும் இடையே எஞ்சியிருப்பது இரவு உணவு ஒன்றே. அந்த ஒரு வேளையும் சண்டையில் முடிந்தால், இருவருக்கும் அன்றைய நாள் கசந்துவிடுகிறது.

மறுப்புக்குக் காரணம் அடம் மட்டுமா?

குழந்தை உண்ண மறுப்பதைச் செல்லம் கொடுத்ததன் விளைவு என்றே பலரும் கருதுகின்றனர். உடலின் கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 3 கிலோ எடையோடு பிறக்கும் குழந்தை, ஓராண்டு நிறையும்போது ஏறத்தாழ 9 கிலோவை எட்டுகிறது. அதாவது மூன்று மடங்காகிறது. அதற்குப் பிறகு வளர்ச்சியின் வேகம் குறைந்து, இரண்டு வயதிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ மட்டுமே கூடுகிறது. வளர்ச்சி தணியும்போது பசியும் தணிவது இயல்பு. ‘கைக்குழந்தையாக இருந்தபோது எதைக் கொடுத்தாலும் உண்டவன் இப்போது உண்பதில்லை’ என்று பெற்றோர் கலங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டு வயது முதல் ஆறு வயது வரை புதிய உணவுகளைக் கண்டு அஞ்சும் இயல்பும் குழந்தைகளிடம் மேலோங்கி நிற்கிறது. நடக்கக் கற்ற குழந்தை கண்டதையெல்லாம் வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து; ஆகவே அறியாத பொருளை ஐயுறுவது இயற்கை தந்த காவல் என்று அறிஞர்கள் விளக்குகின்றனர். கசப்பை மறுத்து இனிப்பை நாடுவதும் பிறவிக் குணமே. கசப்பை உணரும் திறன் பரம்பரை வழியாக ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே வீட்டில் அண்ணன் பாகற்காயை ரசித்து உண்ண, தம்பி அதன் மணத்திற்கே முகம் சுளிக்கக்கூடும்.

சுவைப் பழக்கம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் ஜூலி மென்னெல்லா என்ற ஆய்வாளர் 2001ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வில், கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ தாய் கேரட் சாறு அருந்தியிருந்தால், அவருடைய குழந்தை கேரட் கலந்த கஞ்சியை முகச்சுளிப்புக் குறைவாக ஏற்றுக்கொண்டது தெரியவந்தது. தாய் உண்ணும் உணவின் மணம் பனிக்குட நீர் வழியாகவும் தாய்ப்பால் வழியாகவும் பிள்ளையைச் சென்று சேர்கிறது. வீட்டில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதைக் கொண்டு பசியாறும் வழக்கமுள்ள தாய், தம் பிள்ளை பின்னாளில் ஏற்கவேண்டிய சுவைகளையும் தம்மையறியாமல் குறைத்துவிடுகிறார். ‘பிள்ளை சாப்பிடுவதில்லை’ என்று வருந்தும் வீடுகளில், தாய் என்ன உண்கிறார் என்பதே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தினக் கணக்கை வைத்துத் தீர்ப்பளிக்கலாமா?

ஒரு நாள் வரவு செலவை மட்டும் பார்த்து ஒரு கடையின் நிலையை எவரும் முடிவுகட்டுவதில்லை. சந்தை நாளன்று கல்லா நிறையும். மறுநாள் ஈயோட்ட நேரும். மாதக் கணக்கை எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். குழந்தையின் வயிறும் ஏறத்தாழ அவ்வாறே இயங்குகிறது.

லீயன் பர்ச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1991ஆம் ஆண்டில் தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. 2 முதல் 5 வயது வரையிலான 15 குழந்தைகள் உண்ட உணவை ஆறு நாள்களுக்கு அவர்கள் முழுமையாக அளந்தனர். வேளைக்கு வேளை உண்ட அளவு சராசரியாக 34 விழுக்காடு ஏறி இறங்கியது. ஆனால், நாள் முழுவதற்குமான ஆற்றலின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே மாறியது. காலையில் குறைவாக உண்ட குழந்தை, மதியத்திலோ மாலையிலோ அதை ஈடுகட்டிக்கொள்கிறது. நாம் ஒரு வேளைத் தட்டைப் பார்த்துப் பதறுகிறோம்; குழந்தையின் உடலோ நீண்ட கணக்கைத் தானே எழுதிக்கொள்கிறது.

இதற்கும் முன்பே, கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் துணிவான சோதனை ஒன்றை நடத்தியிருந்தார். தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகளின் முன் இயற்கையான, எளிய உணவு வகைகளை வைத்து, விரும்பியதை விரும்பிய அளவு உண்ணவிட்டார். பட்டியலில் இருந்தவை மொத்தம் 34. குழந்தைகளின் தேர்வு விந்தையாக இருந்தது. ஒரு குழந்தையின் உணவுபோல் மற்றொன்றின் உணவு அமையவில்லை. ஆயினும் அனைவரும் நலமாக வளர்ந்தனர். எலும்பு மென்மை நோயுடன் வந்த குழந்தையொன்று, தனக்குத் தேவையான மீன் எண்ணெயை நோய் தீரும்வரை தானே எடுத்துக் குடித்ததும் பதிவாகியுள்ளது. 1939ஆம் ஆண்டில் இம்முடிவுகளை விளக்கிய அவர், சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று தாமே குறிப்பிட்டார். சர்க்கரையும் பண்டங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. பெரியவர் நல்ல பட்டியலைத் தந்தார். குழந்தை அதிலிருந்து தேர்ந்துகொண்டது. பட்டியலில் பொரித்த சிப்ஸும் மிட்டாயும் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

வற்புறுத்தலுக்கு நாம் கொடுக்கும் விலை

‘இந்தக் கவளத்தை மட்டும் வாங்கிக்கொள்’ என்ற கெஞ்சலும், ‘முடிக்காமல் எழுந்தால் பார்’ என்ற மிரட்டலும் நம் வீடுகளில் அன்றாடம் கேட்பவை. 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு இரண்டு வகை சூப் வழங்கப்பட்டது. ஒன்றை உண்ணும்போது முடிக்கும்படி வற்புறுத்தினர். மற்றதற்கு எதுவும் சொல்லவில்லை. வற்புறுத்தப்பட்ட சூப்பைக் குழந்தைகள் குறைவாகவே உண்டனர். அதைப் பற்றிக் குறையாகப் பேசியதும் மிகுதி.

பரிசு காட்டி உண்ணவைப்பதும் நெடுநாள் பயன் தருவதில்லை. ‘கீரையைச் சாப்பிட்டால் ஐஸ்கிரீம்’ என்று சொல்லும்போது, கீரை தண்டனை என்றும் ஐஸ்கிரீம் விருது என்றும் குழந்தை விளங்கிக்கொள்கிறது. கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதில் வேறொரு கேடு. திரையில் ஆழ்ந்த குழந்தை எதை உண்கிறோம் என்பதையும் எப்போது வயிறு நிறைந்தது என்பதையும் உணர்வதில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டிய காலத்தில் ஊட்டுபவரின் முகமும் கதையும் குழந்தையோடு இருந்தன. திரையின் முன் அந்த உறவும் அறுந்துபோகிறது.

பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் முறை

வங்கியில் ஒரு பரிவர்த்தனையை ஒருவர் பதிவு செய்வார். மற்றொருவர் சரிபார்த்து ஒப்புதல் தருவார். இருவர் வேலையையும் ஒருவரே செய்யத் துணிந்தால் அங்கே கேடு விளையும். சாப்பாட்டு நேரத்திற்கும் இத்தகைய பொறுப்புப் பிரிவினையை எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் வகுத்துத் தந்தார். என்ன உணவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்பவை பெற்றோரின் பொறுப்பு. வைத்ததில் எதை உண்பது, எவ்வளவு உண்பது, உண்பதா வேண்டாமா என்பவை குழந்தையின் உரிமை. பெற்றோர் குழந்தையின் வேலையில் தலையிடும்போது வற்புறுத்தல் பிறக்கிறது. குழந்தை பெற்றோரின் வேலையை எடுத்துக்கொள்ளும்போது வீட்டில் நாள்தோறும் நூடுல்ஸ் வேகிறது.

இதை நடைமுறைக்குக் கொண்டுவர எளிய வழிகள் உள்ளன.

முதலாவது, நேரம். மூன்று வேளை உணவு, இடையே இரண்டு சிற்றுண்டி என்று ஒழுங்கு செய்துகொண்டு, இடைப்பட்ட நேரத்தில் தண்ணீர் மட்டும் தருவது நல்லது. பிஸ்கட்டும் மிக்சரும் நாள் முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பசி எவ்வாறு தலைகாட்டும்? ஒரு வயதைக் கடந்த குழந்தைக்குப் பாலின் அளவையும் கவனிக்க வேண்டும். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் அருந்தும் குழந்தைக்குச் சோற்றில் நாட்டம் குறையும், இரும்புச்சத்தும் குறையக்கூடும்.

இரண்டாவது, அளவு. பெரியவர் தட்டைப்போல் மலையாகக் குவித்தால் குழந்தை பார்த்தவுடன் மலைத்துவிடும். ஒரு கரண்டி சோறு, ஒரு தேக்கரண்டி கறி போதும். வேண்டுமென்றால் மறுபடியும் கேட்கட்டும். தட்டில் அதற்குப் பிடித்தமான பொருள் ஒன்றாவது இருக்கட்டும். குழந்தைக்கென்று தனிச் சமையல் வேண்டாம். எல்லோருக்கும் சமைத்ததிலிருந்தே, காரம் குறைத்து, அதற்கும் பரிமாறலாம்.

மூன்றாவது, பொறுமை. புதிய உணவொன்றைக் குழந்தை ஏற்க 8 முதல் 15 முறை வரை அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று ஆய்வுகள் கூறுகின்றன. நாமோ இரண்டு முறை வைத்துப் பார்த்துவிட்டு, ‘இவளுக்குப் பூசணிக்காய் பிடிக்காது’ என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். உண்ணாவிட்டாலும் சிறு துண்டொன்று தட்டில் இருக்கட்டும். தொட்டுப் பார்ப்பதும், முகர்ந்து பார்ப்பதும், நக்கிப் பார்த்துத் துப்புவதும் அந்த 15 முறைகளுக்குள் அடங்குபவையே.

நான்காவது, முடிவு. அரை மணி நேரத்திற்கு மேல் சாப்பாட்டை நீட்டிக்க வேண்டாம். நேரம் முடிந்ததும் புகழாமலும் திட்டாமலும் தட்டை எடுத்துவிடலாம். அடுத்த வேளை உணவு சில மணி நேரத்தில் வரப்போகிறது என்பதைக் குழந்தை ஒரு வாரத்திற்குள் புரிந்துகொள்ளும்.

பாட்டியும் அப்பாவும்

இம்முறையைக் கடைப்பிடிக்கத் தொடங்கும் வீட்டில் முதல் எதிர்ப்பு பாட்டியிடமிருந்து வரக்கூடும். ‘பிள்ளை வெறும் வயிற்றோடு தூங்குவதா?’ என்ற அவர் கேள்வியில் இருப்பது அன்பு மட்டுமன்று. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற நாள்களும், பஞ்ச காலத்துக் கதைகளும் அதில் இருக்கின்றன. சோற்றை வீணாக்கலாகாது என்று வளர்ந்த தலைமுறைக்கு, மீந்த தட்டு மனத்தை உறுத்தவே செய்யும். அவரை எதிர்த்துப் பேசுவதைவிட, அவர் கைப்பக்குவத்தை இதில் இணைத்துக்கொள்வது மேல். ‘அத்தை, தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அவன் கேட்டால் நீங்களே மறுபடியும் வையுங்கள்’ என்று மருமகள் சொல்லும்போது, வீணாவதும் குறைகிறது, பாட்டியின் இடமும் நிலைக்கிறது.

அப்பாவின் பங்கு இதைவிட நுட்பமானது. பல வீடுகளில் முதலில் உணவை மறுப்பவர் குழந்தையன்று, குடும்பத் தலைவரே. கத்தரிக்காய் அவருக்கு ஆகாது; கீரை வைத்தால் முகம் மாறும்; மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. அவருக்கென்று தனிக்குழம்பு வைக்கும் வீட்டில், பிள்ளை கற்றுக்கொள்ளும் பாடம் என்னவாக இருக்கும்? குழந்தை நம் சொல்லைவிட நம் தட்டையே கூர்ந்து கவனிக்கிறது. ஆகவே, ஒரு வேளையாவது எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, ஒரே குழம்பை ஊற்றி உண்பது இன்றியமையாதது. தாயும் அந்தப் பந்தியில் அமர வேண்டும்.

கைக்கெட்டும் தூரத்தில் உள்ள செல்வம்

உணவைப் பழக்குவதற்கு எல்லைப் பகுதிக் குடும்பங்களுக்கு வாய்த்திருக்கும் வசதி நகரத்தவர்க்கு எளிதில் கிட்டாது. வேலந்தாவளத்தின் காய்கறிச் சந்தை அருகிலேயே இருக்கிறது. வட்டவடையிலும் காந்தளூரிலும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பீன்ஸும் பூண்டும் கண்ணெதிரே விளைகின்றன. மறையூர் வெல்லம் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. காந்தளூர் வட்டவடைப் பூண்டு, அட்டப்பாடித் துவரை, அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரை ஆகியவை 2022ஆம் ஆண்டின் இறுதியில் அக்குறியீட்டைப் பெற்றன. உலகம் மதிப்பளிக்கும் பொருள்கள் நம் வீட்டுத் தட்டில் மறுக்கப்படுவது நியாயமன்று.

குழந்தையைச் சந்தைக்கு அழைத்துச் சென்று ஒரு காயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அவரையின் நாரை உரிக்கவும், பட்டாணியைத் தோலிலிருந்து பிரிக்கவும், முருங்கைக்கீரையை உருவவும் பழக்கலாம். தன் கைபட்ட உணவைக் குழந்தை அவ்வளவு எளிதில் புறக்கணிப்பதில்லை. ராகி மாவில் மறையூர் வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்த கொழுக்கட்டை, முருங்கைக்கீரை அடை, துவரை சேர்த்த கிச்சடி ஆகியவை பிள்ளைகளுக்கு ஏற்றவை. அங்கன்வாடியில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கும் அமிர்தம் ஊட்டச்சத்து மாவில் கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை ஆகியவை கலந்திருக்கின்றன. கஞ்சியாகக் கொடுத்து மறுத்தால், அடையாகவோ உருண்டையாகவோ செய்து பார்க்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழு நிலக்கடலையைக் கொடுப்பது மூச்சடைப்புக்கு வழிவகுக்கும் என்பதால், பொடித்தோ அரைத்தோ தருவதே பாதுகாப்பு.

வீட்டுப் பொருளாதாரத்தையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். நாள்தோறும் 10 ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பொட்டலம் என்றால், ஆண்டுக்கு 3,650 ரூபாய். இரண்டு பிள்ளைகள் என்றால் 7,300 ரூபாய். அத்தொகையை முட்டைக்கும் பழத்துக்கும் சுண்டலுக்கும் திருப்பினால் உடல் தேறும். மிச்சமாவதைச் சேமித்தால் பள்ளி திறக்கும் மாதத்துக்கு உதவும். பண்டத்தை அறவே விலக்கி ஏங்கவைக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று வரையறுத்தால், அது பண்டிகையின் இன்பத்தையும் பெறும்.

மறுப்பும் இல்லாமையும்

அடம்பிடிக்கும் குழந்தையைப் பற்றிப் பேசும் எவரும், உண்ண இல்லாத குழந்தையை மறந்து பேசலாகாது. பாலக்காடு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 2013ஆம் ஆண்டில் அங்கு நேர்ந்த பச்சிளங்குழந்தைகளின் இறப்புகள் நாட்டையே உலுக்கின. தாய்மாரின் ஊட்டச்சத்துக் குறைவும் இரத்தசோகையும் அவ்விறப்புகளின் பின்னணியில் இருந்தன. ராகி, சாமை, தினை, துவரை, கீரை என்று பலவகைப்பட்டிருந்த மலைநில உணவு சுருங்கி, ரேஷன் அரிசியைச் சார்ந்த உணவாக மாறியிருந்தது. அதன்பின் ஊர்களில் குடும்பஶ்ரீ வழியாகச் சமூகச் சமையலறைகள் தொடங்கப்பட்டன. சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டமும் வந்தது.

ஒரு தலைமுறை உண்ணாத உணவு அடுத்த தலைமுறைக்குப் புதிய உணவாகிவிடுகிறது. தாத்தாவுக்கு உயிரான சாமைச் சோற்றைப் பேரன் மறுத்தால், அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் அதைச் சந்தித்ததே இல்லை. விட்டுப்போன உணவை மீட்பதும், மறுக்கும் குழந்தையைப் பழக்குவதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். இரண்டுக்கும் தேவை, அந்த உணவு மீண்டும் மீண்டும் தட்டில் தோன்றுவதே.

வசதியுள்ள வீடுகளிலும் மறைந்திருக்கும் குறை இரத்தசோகை. 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை உள்ளோர் இந்திய அளவில் 67.1 விழுக்காடு, தமிழ்நாட்டில் 57.4 விழுக்காடு, கேரளத்தில் 39.4 விழுக்காடு. முன்னேறிய மாநிலமான கேரளத்திலும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ நால்வருக்கு இக்குறை இருக்கிறது. வெள்ளைச் சோறும் தயிரும் பாலும் வயிற்றை நிரப்பும்; இரும்புச்சத்தைத் தருவதில்லை. எனவே, குழந்தை எவ்வளவு உண்கிறது என்று அளப்பதைவிட, எத்தனை வகை உண்கிறது என்று எண்ணுவதே பெற்றோர்க்கு உரிய வேலை.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

பெரும்பாலான குழந்தைகளிடம் இப்பருவம் தானாகவே தணிந்துவிடும். ஆயினும் சில அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் விடலாகாது. எடை கூடாமல் நிற்பது அல்லது குறைவது, விழுங்கும்போது அடிக்கடி இருமுவது, உண்டவுடன் வாந்தி, முகவெளிறல், மண்ணோ சுண்ணாம்போ தின்பது, காய்கறி அல்லது புரத வகை முழுவதையும் அறவே மறுப்பது, ஏற்கெனவே உண்டுவந்த உணவுகளும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வருவது ஆகியவை அவற்றுள் சில. மென்மை, கரகரப்பு போன்ற தன்மைகளைத் தாங்க முடியாமல் மறுக்கும் குழந்தைக்குத் தனிப்பட்ட பயிற்சி தேவைப்படலாம். உணவைத் தவிர்த்தலும் கட்டுப்படுத்தலும் ஒரு கோளாறாகவே 2013ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் சேர்க்கப்பட்டது. அது அடமன்று, அதட்டினால் தீராது.

எடையைக் கணிப்பதற்கு அக்கம்பக்கத்துக் குழந்தையோடு ஒப்பிடுவது தவறான அளவுகோல். அங்கன்வாடியில் எடை பார்த்து, தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் வரையும் வளர்ச்சிக் கோடே சரியான அளவுகோல். கோடு தன் பாதையில் மேலேறிக்கொண்டிருந்தால், மெலிந்து தோன்றினாலும் குழந்தை நலமாகவே இருக்கிறது. கோடு கீழே சரிந்தால், நன்றாக உண்பதுபோல் தோன்றினாலும் ஆராய வேண்டும்.

ஒரு வாரச் சிட்டை

இம்முறையைத் தொடங்க விரும்புவோர் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஏழு நாள்களுக்கு ஏழு பக்கம் ஒதுக்கலாம். குழந்தை எவ்வளவு உண்டது என்று எழுத வேண்டாம். எந்தெந்தப் பொருளைத் தொட்டது என்று மட்டும் குறித்தால் போதும். தானியம், பருப்பு, கீரை, காய், பழம், பால், முட்டை அல்லது மீன் என்று பிரித்துக்கொண்டால், வார இறுதியில் எந்தக் கட்டம் நிறைந்திருக்கிறது, எது வெறுமையாக இருக்கிறது என்பது விளங்கும். காலியான கட்டத்திற்குரிய பொருளொன்றை அடுத்த வாரத்தில் இரண்டு மூன்று நாள்கள், சிறு அளவில், பேச்சில்லாமல் தட்டில் வைத்துவிட்டு, நாம் நம் சாப்பாட்டைக் கவனிக்கலாம்.

சிட்டையில் இன்னொரு கட்டமும் வரைந்துகொள்வது நல்லது: அந்த வாரத்தில் எத்தனை வேளை வீட்டில் அனைவரும் சேர்ந்து அமர்ந்து உண்டோம் என்பதற்கு. அந்த எண் ஒன்றிலிருந்து மூன்றாக உயர்ந்தாலே, தட்டில் மீதமாவது குறையத் தொடங்கும்.